மூக்கில் கிடைக்கவில்லை

அத்தானுக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயலிசிஸ். அக்காவுக்கு ஆஸ்பத்திரி மணமே ஒத்துக்கொள்ளாது, அதனால் கூட்டிக்கொண்டு போகிற வேலை என்னுடையது. விடியத் திருகோணமலை பாலையூற்றில் ஓட்டோ பிடித்து, கட்டிலில் ஏற்றி, நேர்ஸ் அந்த இரண்டு தடித்த ஊசிகளையும் குத்தி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பேன். பிறகு வெளி வாங்கில் நான்கு மணித்தியாலம். ஊசி கழற்றுகிற நேரம் மறுபடி உள்ளே போய், பஞ்சை வைத்துப் பத்து நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடக் கதைகளில்தான் கிண்ணியாக் காக்கா எனக்குப் பழக்கமானார். முஸ்லிம்கள் வழக்கில் காக்கா என்றால் அண்ணன். அத்தானுக்கு அடுத்த கட்டில். தச்சு வேலை செய்தவர். பாலம் வந்தபடியால் தப்பினோம், முந்தி மாதிரிப் பாதைப் படகுக்குக் காத்திருந்து கடல் கடக்க வேண்டியிருந்தால் வாரத்தில் இரண்டு நாள் எப்படி வருவது என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அந்த அறையில் பதவி சிறிபுரப் பக்கத்துச் சிங்கள விவசாயிகள் இருந்தார்கள், மூதூர் ஆட்கள் இருந்தார்கள், எல்லோருக்கும் ஒரே கவலை. யாருக்காவது சிறுநீரகம் கிடைத்ததா?

டயலிசிஸ் செய்கிறவர்களுக்கு முன்கையில் ஒரு நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். ரத்தம் பாய்ந்து பாய்ந்து அந்த இடம் கயிறுபோலப் புடைத்துவிடும். விரலை வைத்தால் விர்ரென்று அதிரும், காதை வைத்தால் சத்தமே கேட்கும். அந்த அதிர்வு நின்றால் வழி அடைத்துவிட்டது என்று அர்த்தம், ஆகவே தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். காக்காவின் வீட்டில் அந்த வேலை அவருடைய மூன்று வயதுப் பேத்திக்கு. அவள் அதற்கு வைத்த பெயர் வண்டு. இரவில் வண்டு கத்துகிறதா என்று காது வைத்துக் கேட்டுவிட்டு அந்தக் கையிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாளாம். அந்தக் கையில் பாரம் வைக்கக் கூடாது என்று நேர்ஸ் எத்தனையோ தடவை ஏசியும் காக்கா கேட்டதில்லை.

அந்தப் பிள்ளைக்காகத்தான் காக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நானும் உடனே ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதில் இத்தனை வருடமாகியும் என்னை விட்டுப் போகவில்லை.

2022 ஜனவரி. அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவமனையில் டேவிட் பென்னட் என்ற 57 வயதுக்காரருக்கு, அந்த மாதம் 7ஆம் திகதி, பன்றியின் இதயத்தை வைத்திருந்தார்கள். சும்மா பன்றி இல்லை. அதன் மரபணுக்களில் பத்து மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன. மனித உடம்பு கண்டவுடன் எதிர்க்கிற மூன்றை நிறுத்தி, இதயம் அளவு மீறி வளராமல் இன்னொன்றை நிறுத்தி, மனிதனுடைய ஆறு மரபணுக்களைச் சேர்த்திருந்தார்கள். போனில் வந்த செய்தியை நான் இரண்டு கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன். அத்தான் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். "இதயமே வைக்கலாம் என்றால் கிட்னி வைக்க மாட்டார்களா தம்பி?" அவர் குரலில் அப்படியொரு தெம்பை நான் கேட்டு நாளாகியிருந்தது. பன்றி என்றதும் காக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் திருப்பவில்லை. "உயிர் போற நேரத்துல விலக்கினதும் ஆகும் எண்டு ஹஸரத் சொல்லியிருக்கார் தம்பி. எனக்குப் பண்டி எண்டதுல ஒண்டுமில்ல. மகள்ட புள்ள என்ட கையிலதான் படுக்குது. பண்டிட வருத்தம் ஏதும் என்னால அதுக்குப் போகுமா?"

நான் கால்நடைத் துறையில் உத்தியோகம் பார்த்தவன். மாடும் ஆடும் கோழியும்தான் இந்த மாவட்டத்தில் என் வேலை என்றாலும் பன்றியும் எனக்குப் புதிதில்லை. அது காக்காவுக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்டார். "எல்லாம் சுத்தமான பண்ணையில் வளர்த்து, ஒவ்வொரு வைரசுக்கும் சோதித்துப் பார்த்துத்தான் வைப்பார்கள் காக்கா. ஒன்றும் வராது" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதற்குமேல் கேட்கவில்லை.

குச்சியும் படிவமும்

2009இல் பன்றிக்காய்ச்சல் உலகம் முழுக்கப் பரவியபோது, மேற்குக் கரையோரப் பண்ணைகளில் மாதிரி எடுக்கிற குழுவுக்கு உதவியாக என்னையும் சில வாரங்கள் அனுப்பினார்கள். ஜா-எலவிலிருந்து வென்னப்புவ வரை அந்தப் பக்கம்தான் நாட்டில் பன்றி வளர்ப்பு அதிகம். பன்றியின் மூக்கிலிருந்து மாதிரி எடுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பிச் சுருக்கை வாய்க்குள் விட்டு மேல்தாடையில் மாட்டி இழுத்தால் அது முன்னுக்கு வராது, பின்னுக்கே இழுத்துக்கொண்டு நின்ற இடத்தில் நிற்கும். நின்றபடி கத்தும். அந்தச் சத்தத்தில் நமக்கு நம் குரலே கேட்காது. ஒருவர் சுருக்கைப் பிடிக்க, மற்றவர் பஞ்சு சுற்றிய குச்சியை இரண்டு நாசிக்குள்ளும் விட்டுச் சுழற்றி எடுத்து, மருந்துத் திரவம் இருக்கிற குழாயில் போட்டு, குச்சியை விளிம்பில் வைத்து முறித்து, மூடி இறுக்கி, ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டும். கையெல்லாம் எச்சில். அடுத்த பன்றி.

முடிவுகள் வந்ததும் பதிவேட்டில் எழுதுகிற வேலை எனக்கு. ஒரு பண்ணைக்கு நேரே, குறிப்பு என்ற பகுதியில், 'வைரஸ் இல்லை' என்று எழுதிவிட்டேன். குழுவுக்குப் பொறுப்பாக இருந்த மிருக வைத்தியர் பேனையை வாங்கி அதை வெட்டினார். கோபப்படவில்லை. சிங்களத்தில் சொன்னார். "நீ பன்றிக்குள் போய்ப் பார்த்தாயா? மூக்கில் ஒரு குச்சி விட்டாய். அந்தக் குச்சியில் அது கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று எழுது." எழுதினேன். அதன் பிறகு உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க, எந்தப் படிவத்திலும் 'இல்லை' என்று நான் எழுதியதில்லை. என்னிடம் வேலை பழகிய பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிக் கொடுத்தேன். அப்படியிருந்தும் டயலிசிஸ் கட்டிலில் கிடந்த ஒரு மனிதன் கேட்டபோது, என் வாயில் வந்தது 'ஒன்றும் வராது'.

2022 மே மாதம் எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெற்றோல் வரிசை கடற்கரை வீதி வரை நீண்டிருந்தது, நான் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி போனில் வாசித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் பென்னட் மார்ச் 8ஆம் திகதியே இறந்துவிட்டார், சத்திரசிகிச்சை நடந்து சரியாக 60ஆம் நாள். அது எனக்குத் தெரிந்த செய்தி. புதிதாக வந்தது, அவருக்கு வைத்த இதயத்தில் பன்றியின் சைட்டோமெகலோ வைரஸ் இருந்தது என்பது. பன்றியைப் பலமுறை சோதித்திருந்தார்கள். மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸ் கிடைக்கவில்லை. அந்த வைரஸ் உடம்பின் உள் இழையங்களில் உறங்கிக்கொண்டிருந்தது. உறங்குகிற வைரஸ் மூக்குக்கு வராது. இதயம் வைத்து ஏறக்குறைய 20ஆம் நாள் பென்னட்டின் ரத்தத்தில் அதன் தடயம் தெரிந்தது, மிக மிகக் குறைவாக. சோதனையில் ஏதோ பிழை என்றுகூட முதலில் எண்ணியிருக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருந்த உடம்பில் அது நாளுக்கு நாள் பெருகியது.

மூக்கு என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. பின்னால் நின்றவர் ஹோன் அடித்து, வரிசை நகர்ந்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் வண்டியைத் தள்ளினேன். அந்த மிருக வைத்தியர் வெட்டிய கோடு அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை காக்காவின் முகத்தை நேரே பார்க்க எனக்கு முடியவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். பென்னட் இறந்தது அந்த வைரசால் மட்டும்தான் என்று வைத்தியர்கள் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். வெள்ளணுக்கள் குறைந்ததால் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளைக் குறைக்க வேண்டியிருந்தது. தொற்றுக்காக ஏற்றிய பிறர் ரத்தத்து எதிர்ப்புப் புரதங்களே பன்றி இதயத்தைத் தாக்கியிருக்கலாம் என்றும் அவர்களது பிந்திய ஆய்வு சொல்கிறது. அந்த வைரஸ் பென்னட்டின் சொந்தக் கலங்களைத் தொற்றியதாகவும் இல்லை, அது பன்றியின் இழையத்துக்குள் இருந்துகொண்டே கெடுக்கிற ஒன்று. ஆகவே காக்காவின் பேத்திக்கு அதனால் ஆபத்து வந்திருக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். என்னைக் குடைந்தது வேறு. ஜெர்மனியில் மியூனிக்கில் பன்றி இதயங்களை பபூன் குரங்குகளுக்கு வைத்துப் பார்த்தவர்கள், இந்த வைரஸ் இருந்த இதயங்கள் சில வாரங்களில் நின்றுவிட்டதையும், இல்லாதவற்றில் ஒன்று 195 நாள் வரை ஓடியதையும் கண்டு 2020இலேயே எழுதியிருந்தார்கள். வழியும் இருந்தது. மூக்கை விட்டு ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் தேடலாம். தாய்ப்பன்றியிடமிருந்துதான் இது குட்டிக்கு ஒட்டுகிறது, குட்டி ஈன்ற கையோடு தாயிடமிருந்து பிரித்து வளர்த்தால் சங்கிலி அறுந்துவிடும். பண்ணை வேலை தெரிந்த எவரும் செய்யக்கூடிய காரியம். உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு சத்திரசிகிச்சையில் அது தவறியது என்றால், பத்து மரபணுக்களை மாற்றத் தெரிந்த கைகளுக்கும் 'கிடைக்கவில்லை' என்பது 'இல்லை'யாக மாறுவது எவ்வளவு சுலபம்!

அக்காவின் கடதாசி

அத்தானுக்குச் சிறுநீரகம் கொடுக்க அக்கா முன்வந்திருந்தாள். அதற்காக எடுத்த ரத்தச் சோதனைகளின் கடதாசிகள் ஒரு கட்டு. ஒருநாள் இரவு போன் எடுத்து, "டேய் தம்பி, எனக்கு வைரஸ் இருக்காம்" என்று அழுதாள். போய்ப் பார்த்தேன். சைட்டோமெகலோ வைரசுக்கு எதிர்ப்புப் புரதம் இருக்கிறது என்று போட்டிருந்தது. அது மனித வகை. பன்றியில் இருப்பதற்கும் அதே பெயரை வைத்திருக்கிறார்களே தவிர, பன்றி வைரஸ் உண்மையில் குழந்தைகளுக்குக் காய்ச்சலும் சிவப்புப் பொட்டும் வரச் செய்கிற இன்னொரு மனித வைரசுக்குத்தான் நெருங்கிய சொந்தம். டொக்டர் அக்காவிடம் அமைதியாகச் சொன்னார், நம் நாட்டில் வளர்ந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது எப்போதோ வந்து உள்ளே தங்கியிருக்கும், கொடுப்பவருக்கு இருந்தால் வாங்குகிறவருக்கு முதல் மாதங்களில் மாத்திரை கொடுத்து அடக்கி வைப்போம், பயப்பட ஒன்றுமில்லை. கடைசியில் அக்காவை நிராகரித்தது அந்த வைரஸ் இல்லை. சீனி வருத்தம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மனித உறுப்பு சுத்தம், பன்றி உறுப்பு அழுக்கு என்கிற பேச்சு எனக்கு ஒப்பாது. 2004இல் அமெரிக்காவில் டெக்சாஸில், மூளையில் ரத்தக்கசிவு வந்து இறந்ததாக நினைத்த ஒருவரின் உறுப்புகளை எடுத்து வைத்தார்கள். அவருக்கு இருந்தது விசர்நாய்க்கடி நோய். அவருடைய உறுப்பும் ரத்தக்குழாயும் வாங்கிய நான்கு பேரும் அதே நோயில் செத்துப்போனார்கள். விபத்தில் சிக்கிய மனிதனைச் சோதிக்கக் கிடைப்பது சில மணித்தியாலங்கள். பன்றியை அதன் தாயின் வயிற்றில் இருக்கும்போதிருந்தே கண்காணிக்கலாம், கூடப்பிறந்த குட்டியை அறுத்து உள்ளே பார்க்கலாம், அவசரமில்லை. உண்மையாகவே கவனமாகச் செய்தால், பன்றியின் சிறுநீரகம் மனிதனுடையதைவிடப் பாதுகாப்பாகக்கூட இருக்கலாம். நான் இந்த வைத்தியத்துக்கு எதிரி இல்லை. அந்த டயலிசிஸ் அறையில் ஒரு மாதம் உட்கார்ந்தவன் எவனும் எதிரியாக இருக்க முடியாது.

பத்திரிகைகள் விரும்பிப் பயமுறுத்துகிற வைரஸ் இன்னொன்று இருக்கிறது. பன்றியின் மரபணுவிலேயே எழுதப்பட்டிருக்கிற ரெட்ரோவைரஸ். எந்தப் பண்ணையில் எவ்வளவு சுத்தமாக வளர்த்தாலும் அது போகாது, ஏனென்றால் அது தொற்றி வருவதில்லை, தாய் தகப்பனிடமிருந்தே வருகிறது. 1997இல் லண்டனில் ஆய்வுகூடக் கிண்ணத்தில் அது மனிதக் கலங்களைத் தொற்றியது என்று கண்டார்கள். எச்.ஐ.வி.யும் ரெட்ரோவைரஸ் வகைதான், குரங்கிலிருந்து மனிதனுக்குத் தாவியதுதான், அதனால் உலகம் நடுங்கியது, ஆராய்ச்சிகள் பல இடங்களில் நின்றன. நடுங்கியதில் பிழையில்லை. ஆனால் 1999இல், ஏதோ ஒரு விதத்தில் பன்றியின் இழையத்தோடு தொடர்பு பட்டிருந்த 160 நோயாளிகளைச் சோதித்தபோது ஒருவருக்கும் தொற்று கிடைக்கவில்லை. பிறகு 2015இல் ஹார்வர்டில் ஜார்ஜ் சர்ச்சின் குழு, பன்றிக் கலமொன்றில் அந்த வைரசின் 62 பிரதிகளையும் ஒரே மூச்சில் செயலிழக்க வைத்தது. 2017இல் அப்படிச் செயலிழந்த பன்றிக்குட்டிகளே பிறந்தன. 2024 மார்ச்சில் பொஸ்டனில் ரிக் ஸ்லேமனுக்கு வைத்த சிறுநீரகம் அந்த வழியில் வந்த பன்றியுடையது, அதில் செய்த 69 மாற்றங்களில் 59 இந்த வைரசுக்காக. அவர் இரண்டு மாதத்துக்குள் இறந்தார், சிறுநீரகத்தால் இறந்ததற்கு அறிகுறி இல்லை என்றது மருத்துவமனை. அதற்குப் பிறகு டொவானா லூனிக்கு 130 நாள், டிம் அண்ட்ரூசுக்கு 271 நாள் என்று பன்றிச் சிறுநீரகம் வேலை செய்திருக்கிறது. ரெட்ரோவைரஸ் எந்த மனிதருக்கும் தொற்றியதாக இதுவரை பதிவில்லை. பெரிய பேயைப் பார்த்து எல்லோரும் கதவைப் பூட்டிக்கொண்டிருக்க, ஒரு சாதாரண வைரஸ் மூக்குக் குச்சிக்குத் தப்பி உள்ளே வந்துவிட்டது. எனக்கு இன்றைக்கும் பயம் அந்தச் சாதாரணமானவற்றில்தான்.

ஊரிடம் யார் கேட்பது

நான் உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் மூத்தவர்கள் அனுராதபுரக் கதையைச் சொல்வார்கள். மகாவலிக் குடியேற்றங்களில் வயலுக்குத் தண்ணீர் வந்தது, கூட வருமானத்துக்குப் பன்றி வளர்க்கவும் ஊக்கம் கொடுத்தார்கள். 1985இல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்தது. அந்த வைரஸ் பன்றியின் உடம்பில் ஏராளமாகப் பெருகும், பன்றிக்கு வெளியில் ஒன்றும் தெரியாது. வயல் நுளம்பு பன்றியைக் கடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். பன்றி வளர்த்தவன் ஒருவன், காய்ச்சல் வந்தது வேறொருவன் வீட்டில். அதைவிட மோசமானது மலேசியாவில் 1998இல் தொடங்கியது. பண்ணைகளைச் சுற்றிப் பழமரங்கள், வௌவால் தின்று போட்ட மிச்சம் தொழுவத்துக்குள் விழுந்தது, பன்றிக்கு இருமல் வந்தது, பன்றிக்காரர்களுக்கு மூளை வீங்கியது. முதலில் அதையும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்து, நுளம்புக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். தெரிந்த நோயைத்தானே தேடுவார்கள். சாவு நிற்கவில்லை. நிப்பா என்று பின்னால் பெயர் பெற்ற புது வைரஸ் அது. 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சம் அளவில் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள்.

சோதனை என்பது பட்டியலில் உள்ள பெயர்களைத்தான் தேடும். 1998இல் எந்தப் பன்றியையும் நிப்பாவுக்குச் சோதித்திருக்க முடியாது, ஏனென்றால் அப்படியொரு பெயரே இருக்கவில்லை. இதுதான் காக்காவின் கேள்வியின் முழு நியாயமும். உறுப்பு வாங்குகிறவன் தன் உயிரைப் பணயம் வைக்கலாம், அது அவன் உரிமை. பென்னட்டுக்கும் வேறு வழி இருக்கவில்லை, ஒன்று சாவு, இல்லாவிட்டால் இது. ஆனால் தெரியாத வைரஸ் ஒன்று வந்தால் அது அவனோடு நிற்காது. பக்கத்தில் படுக்கிற மனைவி, காது வைத்துக் கேட்கிற பேத்தி, ரத்தம் எடுக்கிற நேர்ஸ், அதற்கப்பால் ஊர். அவர்களிடம் யார் கையெழுத்து வாங்கினார்கள்?

இதை யோசிக்காமல் விட்டுவிடவில்லை. அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் 2001இல் வெளியிட்ட வழிகாட்டியில், விலங்கு உறுப்பு வாங்கியவரை வாழ்நாள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும், ரத்த மாதிரிகளைப் பல பத்து வருடங்களுக்குச் சேமித்து வைக்க வேண்டும், அவரும் அவரது ரத்தமோ எச்சிலோ படுகிற அளவுக்கு நெருங்கியவர்களும் ரத்ததானம் செய்யக் கூடாது, நெருங்கியவர்களுக்கு ஆபத்தை எடுத்துச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் வழியில், மருத்துவ ஆய்வில் சேர்ந்த எவரும் எந்த நேரமும் விலகிக்கொள்ளலாம் என்பது உலகமே ஒப்புக்கொண்ட உரிமை. இங்கே விலக முடியாது. உள்ளே இருக்கிற சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு, நான் இனிமேல் வரமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது? பொலிசை அனுப்பி ரத்தம் எடுப்பதா? இதற்கு எனக்குச் சரியான விடை இல்லை. ஒன்று மட்டும் உறுதியாகப் படுகிறது. இந்த வைத்தியம் கண்டிக்கும் கொழும்புக்கும் வருகிற நாளில் நோயாளியிடம் மட்டும் கதைத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பினால் போதாது. வீட்டுக்காரர்கள் எல்லோரையும் இருத்தி, அவர்களுக்கு விளங்குகிற மொழியில், 'சோதித்த இடத்தில் கிடைக்கவில்லை, சோதிக்காத இடம் எங்களுக்குத் தெரியாது' என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் பயந்துவிடுவார்கள், சிகிச்சைக்கே வரமாட்டார்கள் என்பார்கள். அந்த அறையில் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். உண்மையைத் தாங்க முடியாதவர்கள் அங்கே யாரும் இருக்கவில்லை.

அத்தான் 2023 ஐப்பசியில் போய்விட்டார். ஒரு செவ்வாய் முடிந்து, வெள்ளிக்கு முன்னால். அதற்குப் பிறகும் மாதத்தில் ஒரு தடவையாவது அந்த வாங்குக்குப் போய் உட்காருகிறேன், காக்காவைப் பார்க்க. போன தடவை போனபோது மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், முன்பல் இரண்டும் விழுந்திருக்கிறது. காக்கா ஊசி கழற்றி, கையை மடித்தபடி மெதுவாக வெளியே வந்து இருந்தார். அவருக்கு ஞாபகம் இருக்குமோ என்று தெரியாமலே சொல்லத் தொடங்கினேன்.

"அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு நான் ஒன்றும் வராது என்றேன் காக்கா. அப்படி நான் சொல்லியிருக்கக் கூடாது."

"எண்ட புள்ளையப் பத்திக் கேட்டதா?" உடனே பிடித்துக்கொண்டார்.

"ஓம். இதுவரைக்கும் யாருக்கும் பக்கத்தில் இருப்பவரிடமிருந்து வந்ததாக இல்லை. தெரிந்த வைரஸ்களை இப்போது முன்னையைவிட நன்றாகச் சோதிக்கிறார்கள். தெரியாதது இருந்தால் எவருக்கும் தெரியாது. அதனால்தான் வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்ல வேண்டும் என்று விதி."

காக்கா மகளைப் பார்த்தார். அவள் பிள்ளையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "வாப்பாக்கு எத்தன வருசம் ரத்தம் எடுப்பாங்க?" என்றாள்.

"இருக்கிற காலம் முழுக்க மகள். உங்களுக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் உடனே போய்ச் சொல்ல வேண்டும். அவருடைய ரத்தமோ எச்சிலோ படுகிற அளவுக்கு நெருங்கிப் பழகினால் நீங்கள் ரத்தம் கொடுக்கவும் முடியாது."

"இவளுக்கும் அப்படித்தானா?"

"இவளுக்கும்தான்."

அவள் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேத்தி எங்கள் கதையில் கவனமில்லாமல் வாங்கில் முழங்காலூன்றி ஏறி, காக்காவின் சட்டைக் கையைச் சுருட்டி, ஒட்டியிருந்த பஞ்சுக்குக் கொஞ்சம் மேலே காதை வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் பேசாமல் இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, "கத்துது" என்றாள்.